துண்டு எந்தத் தோளில்? கோர்ட் தொடர்களில் வரும் பிழைகள் பற்றி ஓர் அறிமுகம்

என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, சென்னிமலைப் பக்கம். தறிக்காரக் குடும்பம் என்பதால் டிவியில் எது ஓடினாலும் அவர் கண் முதலில் துணிக்குத்தான் போகும். போன வருடம் ஒரு நாள் இரவு கொலைவழக்குத் தொடர் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். தோட்டக்காரர் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறுகிறார். இடது தோளில் பச்சைக்கரைத் துண்டு. வக்கீல் கேள்வி கேட்கிறார். கேமரா வக்கீல் முகத்துக்குப் போய்த் திரும்புகிறது. இப்போது துண்டு வலது தோளில். இன்னொரு கேள்வி. துண்டையே காணோம்.

"ஏங்கண்ணு, பாத்தியா? துண்ட மாத்தி மாத்திப் போடறான். இவந்தான் கொன்னுருக்கோணும்."

"இல்லீங்க அம்மாயி, அது படம் எடுக்கறப்ப அவங்க விட்ட தப்புங்க."

"கோர்ட்டுல நின்னுட்டு என்ன தப்பு? எல்லாரும் பாக்கறாங்கல்ல?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. குடும்பத் தொடரில் மாமியாரின் வளையல் நிறம் மாறினால் யாருக்கும் நட்டம் இல்லை. கொலை மர்மக் கதை அப்படிப்பட்டதல்ல. 'சின்னச் சின்ன விஷயத்தைக்கூடக் கவனியுங்கள், விடை அதில்தான் இருக்கிறது' என்று சொல்லித்தான் நம்மை உட்கார வைக்கிறது. உட்கார்ந்து கவனித்தால் துண்டு தோள் மாறுகிறது. அது தடயமா தவறா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? கோர்ட் மர்மத் தொடரில் பிழை கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் இதுதான். இங்கே ஒவ்வொரு பிழையும் ஒரு பொய்த் தடயமாகிவிடுகிறது.

இந்தப் பிழைகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கதை தன்னோடு தானே முரண்பட்டால் அது தொடர்ச்சிப் பிழை. ஷூட்டிங்கில் 'கன்டினியூட்டி' என்பார்கள். கதை வெளியுலகத்தோடு முரண்பட்டால் தகவல் பிழை. பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. தொடரை மட்டும் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தால் அது முதல் வகை. துண்டு தோள் மாறியதைக் காண அம்மாயிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெளியே ஏதாவது தெரிந்திருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால் இரண்டாம் வகை.

துண்டு எப்படித் தோள் மாறுகிறது?

கோபிச்செட்டிபாளையத்தைச் சின்னக் கோடம்பாக்கம் என்று சும்மா சொல்வதில்லை. வாய்க்காலும் வயலும் தென்னந்தோப்புமாக இருப்பதால் பல வருடங்களாக அங்கே படம் எடுக்கிறார்கள். அதற்கும் முன்பே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா என்று நம் பக்கத்துக்குச் சினிமா புதிதல்ல. கோபிப் பக்கம் ஒரு திண்ணைக் காட்சி எடுப்பதை அரைநாள் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டே பேச வேண்டும், அவ்வளவுதான். ஒரு உதவி இயக்குநர் பெண், டம்ளரின் உள்பக்கம் காப்பி எதுவரை இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு டேக்குக்கும் குனிந்து பார்த்து அதே அளவுக்கு ஊற்றினார். சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பியபோது காப்பி சரியாகத்தான் இருந்தது. ஆனால் தென்னைமர நிழல் திண்ணையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. துணியைக் கட்டி வெயிலை மறைத்தார்கள்.

ஒரு காட்சியை நாம் பார்க்கிற வரிசையில் எடுப்பதில்லை. கோர்ட் காட்சி என்றால் முதலில் மொத்த அறையும் தெரிகிற மாதிரி ஒரு முறை நடிக்க வைத்து எடுப்பார்கள். பிறகு வக்கீல் பக்கம் விளக்கைத் திருப்பி, அவர் கேட்கும் கேள்விகளை எல்லாம் வரிசையாக எடுத்துவிடுவார்கள். அது முடிந்ததும் சாட்சி பக்கம் விளக்கு போகும். கேள்வியைக் காலை பத்து மணிக்கும் பதிலை மத்தியானம் மூன்று மணிக்கும் எடுத்திருப்பார்கள். இடையில் நடிகர் சாப்பிடப் போயிருப்பார். துண்டை நாற்காலியில் போட்டிருப்பார். திரும்பி வந்து கை போன தோளில் போட்டுக்கொண்டிருப்பார். இதோடு முடிவதில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நாலைந்து டேக் இருக்கும். எடிட்டர் துண்டைப் பார்த்து டேக்கைத் தேர்ந்தெடுப்பதில்லை. நடிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார். மூன்று டேக்கில் மூன்று விதமாகத் துண்டு இருந்தால், ஒரே நிமிடத்தில் அது மூன்று இடத்துக்குப் பயணம் செய்யும்.

கோர்ட் செட் வேறு ஒரே இடம் என்பதால், கதையில் ஆறு மாதம் நடக்கும் விசாரணையை இரண்டே நாளில் சுருட்டி எடுத்துவிடுவார்கள். முதல் வாய்தாவும் கடைசி வாய்தாவும் அடுத்தடுத்து எடுக்கப்பட்டிருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஆறு மாதமாக அதே சட்டையில், அதே பெஞ்சில் இருப்பது அதனால்தான். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியும் இந்தப் பிழைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கதைக்குள் வரும் தொடர்ச்சிப் பிழைதான் விஷயம். ஒரு கதையை நாமே கட்டிப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரர் குடோனில் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் மூன்று பேர்மேல்: காட்டு வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளி, கணக்குப்பிள்ளை, மருமகன். முதல் நாள் எபிசோடில் செத்தவரின் செல்போன் நொறுங்கிக் கிடந்தது. பதினாலாவது எபிசோடில் அதே போனுக்கு அழைப்பு வருகிறது. இது பிழை. இன்னொன்று பாருங்கள்: மருமகன் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் "மாமனைக் கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாங்களே" என்று அழுகிறார். எப்படிச் செத்தார் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. இது பிழையா, தடயமா? கடைசியில் வக்கீல் இதைக் கையில் எடுத்தால் அருமையான தடயம். யாருமே கண்டுகொள்ளாமல் கதை முடிந்தால் எழுதியவர் மறந்துவிட்டார் என்று அர்த்தம். அதே வசனம்தான், முடிவு வரும்வரை எதுவென்று சொல்ல முடியாது.

இந்த மண்டிக் கதையில் இன்னொரு வேடிக்கையும் செய்யலாம். கணக்குப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் கையில் காலையில் மஞ்சள் கறை. சாயங்காலம் அதே இடம் சிவப்பாக இருக்கிறது. 'கன்டினியூட்டி விட்டுட்டாங்கப்பா' என்று நாம் நக்கலடிப்போம். ஆனால் ஆலாத்தி (ஆரத்தி) கரைத்த வீட்டுப் பெண்கள் யாரும் நக்கலடிக்க மாட்டார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சோப்பு பட்டாலும் சிவக்கும்; காரம் பட்டதும் மஞ்சளின் நிறப்பொருள் அப்படி மாறுகிறது. ஆக, அவர் அந்தக் கையை மத்தியானம் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார். எதைக் கழுவினார்? பிழை போலவே தெரியும் தடயம் இது. இப்படி ஒன்றை வைக்கும் துணிவு கதாசிரியருக்கு வர வேண்டுமென்றால், மற்ற இடங்களில் துண்டும் டம்ளரும் ஒழுங்காக இருக்க வேண்டும். பத்து இடத்தில் தவறுதலாக நிறம் மாறிய தொடரில் பதினோராவது மாற்றத்தை யார் தடயமாக எடுத்துக்கொள்வார்?

இனி தகவல் பிழை. அதே மண்டிக் கதையில், ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் கொலை என்று வைத்து, பவானி கூடுதுறைக் கூட்டத்தையும் காட்டி, அடுத்த ஷாட்டில் களத்தில் புது மஞ்சள் வேகவைத்துக் காய்வதைக் காட்டினால் ஈரோட்டுக்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். மஞ்சள் ஏறத்தாழ ஒன்பது மாதப் பயிர். ஆடியில் அது காட்டில் பச்சையாக நிற்கும்; வெட்டுவது தை, மாசிக்கு மேல். அல்லது பங்காளி 2023இல் நடுராத்திரி காரில் திம்பம் மலையேறிக் கர்நாடகத்துச் சாம்ராஜ்நகர் போய் ஒளிந்தான் என்று சொன்னால்? இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ட்ரோனில் அழகாகக் காட்டலாம். ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் அந்த மலைப்பாதையில் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் நடுவே இரவில் போக்குவரத்துக்குத் தடை. ஆம்புலன்ஸ் மாதிரி விலக்கு உள்ள வண்டிகள் தவிர, கார் இரவு 9 மணிக்கு மேல் செக்போஸ்ட் தாண்டாது. ஊர் தெரியாதவருக்கு இது பிழையாகவே தெரியாது. ஊர்க்காரருக்கோ அந்த ஒரு ஷாட்டில் முழுக் கதையும் உதிர்ந்துவிடும், ஏனென்றால் அவன் தப்பிப்பதே அந்த வழியை நம்பித்தான் இருக்கிறது.

கோர்ட்டுக்குள் போனால்

நான் ஈரோட்டில் ஒரு வக்கீலிடம் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் நின்றே பாதி நாள் போகும். அதனால் டிவி கோர்ட்டைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

முதலில் அந்தச் சுத்தியல். நீதிபதி மரச் சுத்தியலால் மேசையைத் தட்டி "ஆர்டர், ஆர்டர்" என்பார். நம் நாட்டு நீதிமன்றத்தில் சுத்தியல் கிடையாது; நமக்குக் கோர்ட் முறையைக் கொடுத்துவிட்டுப் போன இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றங்களிலும் கிடையாது. அது அமெரிக்கப் பழக்கம். இங்கே நீதிபதி கண்ணாடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தால் போதும், வராந்தா வரை அமைதியாகிவிடும். அமெரிக்கத் தொடர்களிலிருந்து வரும் சரக்கில் இன்னொன்று ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த ஒரு குழு தீர்ப்புச் சொல்வது. நம்மிடமும் ஒரு காலத்தில் இருந்தது. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதிமேல் நடந்த கொலை வழக்கில் ஜூரி 8க்கு 1 என்ற கணக்கில் குற்றமற்றவர் என்று சொல்ல, நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே தண்டனை ஆனது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

அடுத்து கீதை. சாட்சி புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வதைப் பார்த்துப் பார்த்து, நிஜ சாட்சிகளே கூண்டில் ஏறியதும் புத்தகத்தைத் தேடுவார்கள். 1969ஆம் வருடத்து உறுதிமொழிச் சட்டம் தருகிற வாசகத்தில் புத்தகம் இல்லை. கடவுள் பெயரால் என்றோ, மனசாட்சிப்படி என்றோ, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று வாயால் சொன்னால் சரி. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுவும் கிடையாது. சாட்சியங்களைப் பற்றி நீதிபதி அவரிடம் நேரடியாகக் கேட்கும்போது சத்தியப் பிரமாணம் வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவரே எழுதிக் கேட்டால்தான் தன் தரப்புக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏறலாம். தொடர்களில் பாதி உச்சக்காட்சி, அரசு வக்கீல் குற்றவாளியைக் கூண்டில் ஏற்றிக் கிழிப்பதுதான். பார்க்க நன்றாக இருக்கும்.

"யுவர் ஆனர்" விஷயத்தில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். 2006இல் பார் கவுன்சில் செய்த விதிப்படி அது உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் உரியது. கீழ்க் கோர்ட்டில் 'சார்' அல்லது அந்தந்த மொழியில் அதற்கு இணையான சொல். நம் பக்கம் 'அய்யா' என்றே வழக்கம் நடக்கும். ஆனால் வசனத்தில் யுவர் ஆனர் என்ற முழக்கம் இல்லாவிட்டால் பார்ப்பவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

பெரிய தவறு, யார் வழக்கை நடத்துகிறார் என்பதில் இருக்கிறது. செத்தவரின் மகள் கண்ணீரோடு ஹீரோ வக்கீலிடம் போகிறார். ஹீரோ குற்றவாளியைக் கூண்டில் நிறுத்தித் தண்டனை வாங்கித் தருகிறார். நடக்காது. கொலை வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும். அங்கே அரசுத் தரப்பை நடத்துவது அரசு வழக்கறிஞர், பி.பி. என்போமே அவர்தான். குடும்பம் வைக்கும் வக்கீல் அவருக்கு உதவி செய்யலாம், எழுத்தில் வாதம் கொடுக்கலாம். அதேபோல் கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும் சாட்சி. யார் யார் சாட்சி என்பது குற்றப்பத்திரிகையிலேயே இருக்கும். அதன் நகல் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, முன்பே போயிருக்கும். அதற்குப் பின்பு யாரையாவது அழைக்கவேண்டும் என்றால் கோர்ட்டிடம் மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டும். ஓடிவந்தால் டவாலி (கோர்ட் சேவகர்) வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

இன்ஸ்பெக்டர் சாட்சியிடம் வாக்குமூலம் எழுதி "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுவதும் தப்பு. போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதலாம், கையெழுத்து வாங்கக் கூடாது. கடைசி எபிசோடில் கொலைகாரன் இன்ஸ்பெக்டர் முன் உடைந்துபோய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அதோடு வழக்கு முடிவது இன்னும் பெரிய தப்பு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் அவனுக்கு எதிராகச் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்தில் இது 25ஆம் பிரிவு. இப்போதைய 2023 சட்டத்தில் 23ஆம் பிரிவு. அவன் சொன்னதை வைத்துப் போய் கத்தியையோ கயிற்றையோ எடுத்தால், அந்த எடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் சாட்சியமாக உள்ளே வரும். அதற்குத்தான் போலீஸ் கிராம நிர்வாக அலுவலரை, வி.ஏ.ஓ.வை, தேடிப் பிடித்து, பொருளை எடுத்ததற்கான பதிவான மகஜரில் கையெழுத்து வாங்குகிறது. தமிழ்நாட்டுக் கொலைவழக்குக் கட்டு எதைப் பிரித்தாலும் ஒரு வி.ஏ.ஓ. சாட்சி இருப்பார். டிவியில் நான் இதுவரை ஒரு வி.ஏ.ஓ.வைக்கூடப் பார்த்ததில்லை.

சட்டப் பிரிவு எண்ணிலும் இப்போது ஒரு புதுக் குழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை அதில் 103ஆம் பிரிவு. இன்றைக்கு நடக்கும் கொலைக்கு "செக்‌ஷன் 302" என்று கர்ஜித்தால் அது தவறு. புதுச் சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. ஆனால் கதையில் கொலை 2019இல் நடந்து விசாரணை இப்போது நடந்தால் 302தான் சரி. பிழை பிடிப்பவரும் தேதி பார்த்துப் பிடிக்க வேண்டும்.

மருத்துவத்தில் இரண்டு மட்டும் சொல்லி நகர்கிறேன். "இறந்தது இரவு 9.17" என்று டாக்டர் சொல்ல முடியாது, உடல் குளிர்வது, விறைப்பது, அன்றைய வெப்பம் இவற்றைப் பார்த்து இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். கர்ச்சீப்பில் குளோரோபாம் வைத்து அமுக்கினால் இரண்டு நொடியில் யாரும் சாய மாட்டார்கள். பல நிமிடம் மூச்சில் ஏற வேண்டும்.

கோர்ட்டே செய்யும் கன்டினியூட்டி வேலை

தொடரில் பிழை பிடிக்கிற அதே வேலையைத்தான் எதிர்த்தரப்பு வக்கீலும் செய்கிறார். எங்கள் வக்கீல் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது நேரங்களை. புகார் ராத்திரி பதினோரு மணிக்கு வந்தது, உடனே எப்.ஐ.ஆர். போட்டோம் என்கிறது போலீஸ். சரி, அது மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது? கொலை என்றால் போலீஸ்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய நேரத்தை மாஜிஸ்திரேட் அதன் மேலேயே குறிப்பார். அங்கே மறுநாள் சாயங்காலம் என்று இருந்தால் நடுவில் இருந்த நேரத்தில் என்ன எழுதினீர்கள் என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி. ஏறக்குறைய துண்டு தோள் மாறிய கதைதான்.

1858இல் அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் வக்கீலாக நடத்திய கொலை வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். ராத்திரி பதினோரு மணி வாக்கில் நிலா வெளிச்சத்தில் தூரத்திலிருந்து அடித்ததைப் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் சம்பவம் நடந்த 1857ஆம் வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நிலா அடிவானத்தில் மறையப் போகிற நிலையில் இருந்தது. எதிரி விடுதலை. நம் தொடர்களில் அமாவாசை இரவு என்று வசனம் சொல்லிவிட்டு, மேலே முழு நிலாவைக் காட்டுவார்கள். லிங்கன் வேண்டாம், திண்ணையில் தொங்கும் நாட்காட்டி போதும்.

அதற்காக முரண்பட்டால் உடனே பொய் என்று கோர்ட் எடுத்துக்கொள்வதும் இல்லை. எதிரி கட்டியிருந்தது நீல லுங்கியா பச்சையா என்று இரண்டு சாட்சிகள் மாற்றிச் சொன்னால், பதற்றத்தில் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். சொல்லப்போனால் நாலு பேரும் அச்சடித்த மாதிரி ஒன்றையே சொன்னால்தான் சந்தேகம் வரும். வழக்கின் ஆணிவேரைத் தொடும் முரண்பாடா என்பதுதான் கேள்வி. தொடர் பார்க்கும்போது நானும் இந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். சுத்தியல் தட்டட்டும், கீதை வரட்டும், ஆறு வருட வழக்கு ஆறு எபிசோடில் முடியட்டும். கொலைகாரனைப் பிடிக்கிற அந்த ஒரு முடிச்சு மட்டும் நிஜ உலகத்திலும் நிற்க வேண்டும், அவர்களே முன்னால் காட்டியதோடும் ஒத்துப்போக வேண்டும். திம்பம் வழியாகத் தப்பித்ததுதான் முடிச்சு என்றால் நான் சேனலை மாற்றிவிடுவேன்.

அந்தத் தோட்டக்காரர் தொடர் மூன்று வாரம் கழித்து முடிந்தது. கொன்றது செத்தவரின் தம்பி. தோட்டக்காரருக்குச் சம்பந்தமே இல்லை. கடைசி எபிசோடில் அவர் வரவும் இல்லை. அம்மாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே கடைசிப் பெயர்கள் ஓடும்வரை காத்திருந்தார்.

"அப்ப அந்தத் துண்டு?" என்றார்.